எதிரே உட்கார்ந்து தைத்த நாடாக்கள்

அமலோற்பவம் சிவப்பு நூலால் நாடாவில் எழுத்துத் தைத்துக் கட்டிவிட்ட பொருள்கள் எல்லாம் தத்தம் இடத்துக்குத் தாமே நடந்து போகத் தொடங்கிய அந்த ஆண்டில், சிலுவைத்துறையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் அதே ஆண்டில்தான் சாளை மீன் கரைப்பக்கம் எட்டிப் பார்க்காமல் போனது, அதே ஆண்டில்தான் மாதா கோயில் மணியின் நாக்கு கழன்று பூசை நடுவில் விழுந்தது, அதே ஆண்டில்தான் ரெமிஜியுஸ் பேச்சைச் சுருக்கிக்கொண்டார், கவலைப்பட ஊருக்கு இவையே போதுமாக இருந்தன.

ரெமிஜியுஸ் அமலோற்பவத்தின் கணவர், கடல் விண்மீன் மெல்லிசைக் குழுவில் பெடல் ஸ்டீல் கிட்டார் வாசித்தவர். கப்பலில் சமையல்காரராக இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது மற்றவர்கள் போல டேப் ரிக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவராமல் அதைத்தான் ஒரு பெரிய கறுப்புப் பெட்டியில் கொண்டுவந்தார். ஊரில் அதற்கு மேசைக் கிட்டார் என்று பெயர். நாலு காலில் மேசை மாதிரியே நிற்கும். அதன் பின்னால் உட்கார்ந்து, இடது கையிலுள்ள இரும்பு உருளையைத் தந்திகளின்மேல் வழுக்கிக்கொண்டு, வலது கை விரல்களால் மீட்டிக்கொண்டு, இடது காலால் வரிசையாக இருக்கும் மூன்று பெடல்களை மிதித்துச் சுரத்தை வளைத்துக்கொண்டு, வலது காலால் வால்யூம் பெடலை அமுக்கி ஒலியை ஏற்றி இறக்கிக்கொண்டு, போதாக்குறைக்கு இரண்டு முழங்கால்களாலும் பக்கத்து லீவர்களைத் தள்ளிக்கொண்டு அவர் வாசிக்கும்போது, உடம்பில் சும்மா இருந்தது வாய் ஒன்றுதான். அந்த வாயும் லேசாகத் திறந்திருக்கும். வீட்டில் அவர் பழகும் நேரமெல்லாம் அமலோற்பவம் எதிரே தரையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே அந்தத் திறந்த வாயைப் பார்ப்பாள், தைத்துக்கொண்டே கேட்பாள், ஒலி ஏறும் இடத்தில் அவள் ஊசியும் ஏறும், ஒலி அடங்கும் இடத்தில் ஊசியும் துணிக்குள் இறங்கும். அவளுக்குக் கல்யாண வாழ்க்கை என்றால் அதுதான்.

பிறகு ஒரு கல்யாண வீட்டுக் கச்சேரி முடிந்து திரும்புகையில் குழுவின் வேன் உப்பளத்து வாய்க்காலில் சரிந்தது. எல்லோரும் சிராய்ப்போடு எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்கள். மேசைக் கிட்டார் பெட்டி மட்டும் போய் ரெமிஜியுஸின் இடது காலில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, பாதம் கூடவில்லை. தூக்கினால் தொங்கியது, ஊன்றினால் மடங்கியது, கிள்ளினால் கண்டுகொள்ளவில்லை. டாக்டர் இனி இப்படித்தான் என்று சொன்ன அன்று அவர் கட்டிலைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போடச் சொன்னார். அதன்பின் பெட்டியின் பக்கம் பார்க்கவில்லை. நாள் முழுக்கப் படுத்துக் கிடப்பார், வலது பாதம் மட்டும் கட்டில் கட்டையை ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும், அமலோற்பவம் அது வலியென்று நினைத்து எண்ணெய் தேய்த்துவிடுவாள்.

மாதா திருவிழா நெருங்கியது. கடைசி நாள் சப்பரப் பவனி முடிந்து நடக்கும் கச்சேரி மேசைக் கிட்டார் இல்லாமல் நடந்ததில்லை. குழுவை நடத்துகிற தொம்மை அமலோற்பவத்துக்குக் கூடப்பிறந்த அண்ணன். அவன் நாகர்கோவிலில் மருந்துக்கடை வைத்திருக்கும், அதை வாசிக்கத் தெரிந்த ஜெபக்குமார் என்பவரைப் பேசிப் பிடித்துவிட்டு ரெமிஜியுஸிடம் வந்து கிட்டாரை இரவலாகத் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"கொண்டு போவட்டும்" என்றார் ரெமிஜியுஸ் சுவரிடம். "திருவிழா முடிஞ்சதும் பெட்டியையும் அவருகிட்டயே குடுத்துரு. எனக்கு எதுக்கு."

கேட்டுக்கொண்டிருந்த அமலோற்பவம் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். அந்தப் பெட்டிமேல் அவளுக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல, அவள் புருஷன் காலைத் தின்ற பெட்டி அது. ஆனாலும் அது வீட்டைவிட்டுப் போனால் அவரும் எழுந்திருக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. பெட்டி இருக்கும்வரைதான் அவர் அதைப் பார்க்காமல் திரும்பிப் படுக்க முடியும். இல்லாத ஒன்றைப் பார்த்து யார் முகத்தைத் திருப்புவார்கள்.

தொம்மைக்கு வேறு கவலை. மேசைக் கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து நிறுத்துவது பெரும்பாடு. நாலு காலும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், நாலும் வேறு வேறு நீளம். பெடலிலிருந்து மேலே போகும் கம்பிகள் அண்ணன் தம்பிகள் மாதிரி இருக்கும், ஒன்று மாறினாலும் சுரம் அழும். எது எங்கே என்று ரெமிஜியுஸுக்கு மட்டுமே தெரியும். அவரே அதைப் பூட்டி முடிப்பதற்குள் தொம்மை மைக்கில் காணாமல் போன பிள்ளைகளின் பெயரையெல்லாம் படித்து, காணாமல் போகாத பிள்ளைகளின் பெயரையும் படித்து நேரத்தை ஓட்டுவான், சனம் கடலையைத் தின்று தீர்த்துவிட்டு மணலில் தூங்கிப்போகும்.

"மச்சான் வாயத் திறக்க மாட்டேங்காரு" என்றான் தங்கையிடம். "நீதான எந்நேரமும் பாத்துக்கிட்டே இருந்த. ஒண்ணொண்ணுலயும் அது எங்க போவும்னு தச்சுக் கட்டிரு. போர்டிங் பிள்ளைகளுக்குக் கட்டுதேல்லா, அது மாதிரி."

அமலோற்பவம் கன்னியர் மடத்துப் போர்டிங்கில் துணிக்கு நம்பர் தைப்பவள். வெள்ளை நாடாவைத் துண்டு துண்டாக நறுக்கி, சிவப்பு நூலால் ஒவ்வொரு பிள்ளையின் நம்பரையும் தைத்து, பாவாடை, சட்டை, தலையணை உறை என்று ஒவ்வொன்றிலும் வைத்து உள்முடிச்சுப் போடுவாள். மொத்தமாக வெளுத்துக் குவித்த துணிமலையிலிருந்து ஒரு கைக்குட்டைகூடத் தவறிப்போனதில்லை. அவள் முடிச்சு அப்படி என்று மதர் சொல்வார்கள். அதற்குமேல் யாரும் ஆராயவில்லை.

எப்போதும் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தாள். எதிரே வெறும் தரை. அங்கே மேசைக் கிட்டார் நிற்பதாக நினைத்துக்கொண்டு கண்ணில் பதிந்திருந்ததைப் பார்த்துப் பார்த்துத் தைத்தாள். பெடல்கள் எல்லாம் அவள் வலது கைப்பக்கம் இருந்தன. வலது பக்கம், முதல் பெடல் என்று தைத்தாள், வலது பக்கம், இரண்டாம் பெடல் என்று தைத்தாள். வால்யூம் பெடல் அவள் இடது கைப்பக்கம். இடது பக்கம் என்று தைத்தாள். கால்களுக்கும் கம்பிகளுக்கும் லீவர்களுக்கும் தைத்தாள். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தைத்தாள்.

"இந்த வளைஞ்ச கம்பி எங்க போவும்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"எங்கயும் போவட்டும்" என்றது சுவர்ப்பக்கம்.

எல்லாவற்றையும் பெட்டியில் வைத்து, கயிறு போட்டுக் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அன்றிலிருந்து பெட்டிக்குள் ஏதோ நகர்ந்துகொண்டே இருந்தது. அவள் எலியென்று நினைத்துப் பொறி வைத்தாள். பொறியில் ஒன்றும் விழவில்லை.

மிச்சமிருந்த நாடாவில் ஒன்றை எடுத்து, எப்போதும் காணாமல் போகிற வாசல் சாவிக்கு 'ஆணியில்' என்று தைத்துக் கட்டினாள். கட்டி முடித்ததும் சாவி அவள் மடியிலிருந்து இறங்கி, தரையைக் கடந்து, சுவரில் ஏறி ஆணியில் தொங்கியது. அமலோற்பவம் கொஞ்ச நேரம் பார்த்தாள். நல்லதாப் போச்சு என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.

பக்கத்து வீட்டு மிக்கேலம்மாதான் முதலில் வந்தாள், கையில் குடையோடு. தன் வீட்டுக் குடையை இரவல் வாங்கியவர்கள் எவரும் திருப்பித் தருவதில்லை என்று சொல்லி, அதில் 'மிக்கேலம்மா வீட்டில்' என்று தைத்துக் கட்டச் சொன்னாள். கட்டியானது. குடை வீட்டுக்குப் போய் மூலையில் நின்றது. மறுநாள் மழையில் மிக்கேலம்மா அதை விரித்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினாள். முனைத் திருப்பம் தாண்டியதும் குடை அவள் கையை உதறிவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டது. அவள் நனைந்துகொண்டே வந்து நாடாவை அவிழ்க்கச் சொன்னாள். அமலோற்பவம் கத்தரியால் வெட்டி எடுத்தாள். ஆனாலும் குடை வெளியே வரவில்லை. ஒரு முறை இடம் தெரிந்துகொண்ட பொருளுக்குப் பிறகு நாடா வேண்டியதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மிக்கேலம்மா வேறு குடை வாங்கிக்கொண்டாள். பழைய குடை வீட்டுக் கூரை ஒழுகும்போது தானே விரிந்து நின்றது, அந்த வகையில் அவளுக்கு நஷ்டமில்லை.

அதன்பிறகு ஊர் பழகிக்கொண்டது. கோயில் வாசலில் செருப்புகள் சொந்தக்காரர்களின் காலைத் தேடிப் போயின. ஆடுகள் தம் கொட்டிலுக்கு வந்தன. ஐஸ் கம்பெனிக்காரர் மனைவி புருஷனுடைய சட்டைக் காலரில் 'விளக்கு வைத்ததும் வீட்டில்' என்று தைத்து வாங்கிப் போனாள். விளக்கு வைத்ததும் சட்டை மட்டும் வீட்டுக்கு வந்தது, சீட்டாட்டம் நடுவில் வெற்றுடம்போடு அகப்பட்ட அவர் துண்டு இரவல் கேட்டுக்கொண்டிருந்தார். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் இதை ஆதரிக்கவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. பூசை முடிந்ததும் தம் மூக்குக் கண்ணாடிக்கு 'மூக்கில்' என்று ஒரு நாடா கேட்டு வாங்கிக்கொண்டார், தூங்கும்போதும் அது மூக்கில் ஏறிக்கொள்வதால் இப்போதெல்லாம் கனவு தெளிவாகத் தெரிகிறது என்று சொல்லித் திருப்திப்பட்டார். மீன்பிடி வள்ளங்களுக்கு மட்டும் வேண்டாம் என்று ஆண்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். 'கரை' என்று கட்டினால் கடலுக்குப் போகாது, 'கடல்' என்று கட்டினால் திரும்பி வராது.

"உன் வீட்டுக்காரருக்கு ஒண்ணு கட்டிப் பாரேன், பிள்ள" என்றாள் மிக்கேலம்மா. "பனியன்ல தச்சு வச்சா எந்திரிச்சு நடமாடுவாரு."

அமலோற்பவத்துக்கு ஆசை வராமல் இல்லை. நீளமாக ஒரு நாடாவை வெட்டி, ஊசியில் சிவப்பு நூலைக் கோத்து, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனால் என்ன தைப்பது. மேடை என்று தைத்தால் வாசிக்க முடியாத மேடையில் போய் நின்று அழுவார். வீடு என்று தைத்தால் இந்தக் கட்டிலை விட்டு அசையவே மாட்டார். அவருடைய இடம் எது என்று அவளுக்கே தெரியவில்லை, தெரியாமல் தைத்தால் பிறகு பிரிக்கவும் முடியாது. வெறும் நாடாவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

திருவிழாவின் கடைசி நாள் ஜெபக்குமார் பஸ் இறங்கி, கையில் வெற்றிலைத் தட்டும் ஒரு டப்பா மூட்டுவலித் தைலமும் கொண்டு முதலில் ரெமிஜியுஸைப் பார்க்க வந்தார். நல்ல மனுஷன். சுவரைப் பார்த்துக் கிடந்தவரின் முதுகுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, "அண்ணே, உங்க சாதனத்தப் பத்திரமாப் பாத்துக்கிடுவேன்" என்றார். பெட்டி மேடைக்குப் போயிற்று.

கயிற்றை அவிழ்த்த மாத்திரத்தில், இத்தனை நாள் அடைத்து வைத்திருந்த பாகங்கள் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி வெளியே வந்தன. கால்கள் தாமே திருகிக்கொண்டன, உடல் அவற்றின் மேல் ஏறிப் படுத்தது, பெடல் சட்டம் கீழே போய் மாட்டிக்கொண்டது, கம்பிகள் ஒவ்வொன்றாகத் தம் துளையைத் தேடிப் பிடித்தன. தொம்மை ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மேசைக் கிட்டார் தந்தி மினுக்கிக்கொண்டு நின்றது. இந்த வருஷம் நேரத்துக்கு ஆரம்பித்துவிடலாம் என்று சனம் சந்தோஷமாக மணலில் உட்கார்ந்தது.

ஜெபக்குமார் பின்னால் போய் உட்கார்ந்தார். கீழே பார்த்தார். குனிந்து மறுபடியும் பார்த்துவிட்டு, மேடையோரம் நின்ற அமலோற்பவத்தைக் கூப்பிட்டார்.

"அக்கா, பெடல் எல்லாம் வலது காலுக்கு வந்திட்டு. வால்யூம் பெடல் இடது காலுக்குப் போயிட்டு. இப்பிடி ஒலகத்துல யாரும் வாசிக்க முடியாதே."

கழற்றி மாற்றிப் பூட்டினார்கள். கையை எடுத்ததும் எல்லாம் இறங்கி நடந்து பழைய இடத்துக்கே போயின. நாடாக்களை வெட்டிப் பார்த்தார்கள், மிக்கேலம்மாவின் குடை ஞாபகம் வந்து கத்தரியைக் கீழே வைத்தார்கள். ஜெபக்குமாரைக் கவிழ்ந்து படுத்து வாசிக்கச் சொன்னார் ஒருவர். மேடையையே திருப்பிவிடலாம் என்றார் இன்னொருவர். மேடையைத் திருப்பினால் அவர் காலும் கூடவே திரும்புமே என்று சாமியார் மூக்குக் கண்ணாடி வழியாக யோசித்துச் சொன்னார்.

"நீ எந்தப் பக்கம் இருந்து பாத்துத் தச்ச?" என்றான் தொம்மை.

"எதிர்ல இருந்துதான்" என்றாள் அமலோற்பவம். "நான் என்னைக்கு அந்தப் பக்கம் போயிருக்கேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது. தொம்மை தலையில் கையை வைத்துக்கொண்டான். பிறகு வேறு வழியில்லாமல் மைக்கைப் பிடித்துக் காணாமல் போன பிள்ளைகளின் பெயரைப் படிக்கத் தொடங்கினான். அமலோற்பவம் மேடையிலிருந்து இறங்கி மணலில் வீட்டைப் பார்த்து ஓடினாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, எல்லாவற்றையும்விட அவர் உயிராக வைத்திருந்ததைக் கெடுத்துவிட்டோமே என்பதுதான் பெரிதாக இருந்தது.

ஒலிபெருக்கிச் சத்தம் வீட்டுக்குள்ளும் கேட்டது. ரெமிஜியுஸ் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"இன்னும் பூட்டலையா? உங்க அண்ணன் பிள்ளைகளத் தொலைக்க ஆரம்பிச்சிட்டானே."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னாள். எதிரே இருந்து பார்த்துத் தைத்ததை, இடதும் வலதும் மாறியதை, இனி மாற்றவே முடியாததை, எல்லாவற்றையும் சொன்னாள். "யாருக்கும் ஆகாமப் பண்ணிட்டேன். கோவப்படுங்க, பேசாம மட்டும் இருக்காதீங்க" என்றாள்.

கட்டில் கட்டையைத் தட்டிக்கொண்டிருந்த பாதம் நின்றது.

"பெடலு எந்தக் காலுக்கு வந்திருக்கு?"

"வலது காலுக்கு."

ரெமிஜியுஸ் மெல்லத் திரும்பினார். எழுந்து உட்கார்ந்து, தன் வலது பாதத்தை, வெகுநாள் வீட்டில் இருந்தும் பேசிப் பழகாத விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அதன் கீழே கட்டில் கட்டையில் மூன்று இடத்தில் பாலிஷ் போய்த் தேய்ந்திருந்தது. பெடல்களுக்கு இடையே எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்விட்டுத் தேய்ந்திருந்தது. அமலோற்பவமும் அதை அப்போதுதான் பார்த்தாள். இத்தனை நாளும் அதற்கா எண்ணெய் தேய்த்தோம் என்று நினைத்தாள்.

"கம்ப எடு" என்றார். "வேட்டியையும் எடு. லுங்கியோடயா போறது."

அவர் கம்பூன்றி மணலில் வருவதைப் பார்த்ததும் தொம்மை பெயர்களைப் படிப்பதை நிறுத்தினான். சனம் எழுந்து வழிவிட்டது. ஜெபக்குமார் தாமே இறங்கி வந்து கை கொடுத்தார். ரெமிஜியுஸ் உட்கார்ந்தார், வலது பாதத்தைப் பெடல்மேல் வைத்தார், அது தன் இடத்தை முன்பே அறிந்ததுபோலப் படிந்தது. இடது கையில் உருளை, வலது கை விரல்களில் தந்தி மீட்ட மாட்டிக்கொள்ளும் நகங்கள். மீட்டினார். சத்தமே வரவில்லை.

வால்யூம் பெடல் மூடிக் கிடந்தது. அது இடது பாதத்தின் கீழே இருந்தது. இடது பாதம் அதன்மேல் ஈரத் துணி மாதிரி கிடந்தது.

"நான் மிதிக்கட்டா அண்ணே?" என்றார் ஜெபக்குமார்.

ரெமிஜியுஸ் தலையாட்டி மறுத்தார். மேடைக்குக் கீழே, எப்போதும்போல எதிரே, அமலோற்பவம் நின்றிருந்தாள்.

"நீ வா, அமலு."

"எனக்கு என்ன தெரியும்."

"எங்க ஏறும், எங்க அடங்கும்னு உன்ன விட யாருக்குத் தெரியும். நான் வாசிச்சேன். கேட்டுக்கிட்டே இருந்தவ நீதான."

கோயிலுக்குள்ளிருந்து பாடகர் குழு உட்காரும் பெஞ்சைத் தூக்கி வந்து போட்டார்கள். அமலோற்பவம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையேறினாள். மேசைக் கிட்டாரைச் சுற்றிக்கொண்டு, இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் போகாத அந்தப் பக்கம் போனாள். அவருக்கு இடது புறமாக உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தபோது ஊர் முழுக்க எதிரே இருந்தது, அவர் வாய் லேசாகத் திறந்திருப்பது பக்கவாட்டில் தெரிந்தது. தன் வலது பாதத்தைப் பெடல்மேல் வைத்தாள். அவர் பாதம் வழுக்கி வழுக்கிக் குறுக்கே விழுந்தது.

அவள் குனிந்து அந்தப் பாதத்தை எடுத்துத் தன் பாதத்தின்மேல் வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த நாடாவை எடுத்து இரண்டு கணுக்காலையும் சேர்த்துச் சுற்றி, போர்டிங் துணிக்குப் போடும் அதே உள்முடிச்சைப் போட்டாள்.

அவர் மீட்டினார். அவள் மெல்ல மிதித்தாள். ஒலி எழும்பி, கொடிமரத்தைச் சுற்றி, கடல்வரை போய்த் திரும்பியது. மணலில் பிள்ளைகள் தூங்காமல் கேட்டார்கள், ஜெபக்குமார் வந்த பஸ்ஸிலேயே வெறுங்கையோடு திரும்பிப் போக மனதாரத் தயாராகி ஓரமாக உட்கார்ந்து தாளம் போட்டார். முதல் பாட்டு முடிந்ததும் ரெமிஜியுஸ் குனிந்து கீழே பார்த்தார்.

"என்ன தச்சிருக்க அதுல?" என்று கேட்டார்.

"ஒண்ணும் தைக்கல" என்றாள் அமலோற்பவம். "சும்மா கட்டியிருக்கேன். வேணும்னா அவுத்துக்கலாம்."

அவர் அடுத்த பாட்டைத் தொடங்கினார்.